பழுப்பு ஏறாத ஸ்லைடு

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வாய்ப்புற்றுநோய்த் திசுவை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்ப்போம். தேடுகிற புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலம். கேட்க எளிதாகத்தான் இருக்கும்.

சேர்ந்த புதிதில், நாக்கில் வந்த ஒரு கட்டியில் பி53 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தேன். கட்டி முழுக்க நீலம், ஒரு செல்லில்கூடப் பழுப்பு இல்லை. 'நெகட்டிவ்' என்று எழுதி வைத்தேன். நல்ல சேதி என்று மனதுக்குள் சந்தோஷம் வேறு.

மூத்த மருத்துவர் ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தி, "இங்க பாரும்மா" என்றார். கட்டியை ஒட்டிய இயல்பான படலத்தின் அடிவரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கிய பழுப்புப் புள்ளிகள். அப்படியென்றால் சாயம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நல்ல செல்லிலேயே கொஞ்சம் தெரிகிற புரதம் கட்டியில் அடியோடு இல்லை. மரபணு பழுதாகிப் புரதமே உருவாகாமல் போயிருக்கலாம். கட்டி முழுக்க அடர்பழுப்பாக இருந்தாலும் கோளாறுதான், அங்கே உருமாறிய புரதம் சிதையாமல் குவிந்து கிடக்கும். நல்லவேளை, ரிப்போர்ட் வெளியே போகவில்லை.

டிஎன்ஏ சேதமான செல்லை நிறுத்திவைப்பதும், தேறாது என்றால் சாகவிடுவதும் பி53-இன் வேலை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் கதிர்வீச்சும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் கட்டியைக் கொல்கின்றன. பி53 கெட்டுப்போனால் அந்த அடியைச் செல் தாங்கிக்கொள்ள வழி கிடைத்துவிடுகிறது. ஆனாலும் இந்த ஒரு ஸ்லைடை வைத்து யாரும் மருந்தை மாற்றுவதில்லை. ஈஜிஎஃப்ஆர் என்ற இன்னொரு புரதமும் அப்படித்தான். பெரும்பாலான வாய்க்கட்டிகளில் அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும், ஆனால் அதைக் குறிவைக்கும் செடுக்ஸிமாப் மருந்து யாருக்குக் கேட்கும் என்று அந்தப் பழுப்பு சொல்லாது. பி16 என்ற புரதம் தொண்டைப்பகுதிப் புற்றுநோய்க்குத்தான் உதவும், கன்னத்துக் கட்டிக்கும் அதைக் கேட்டுச் சீட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது.

மருந்தையே தீர்மானிப்பது பிடி-எல்1 என்ற புரதம். திரும்பி வந்த அல்லது பரவிய நோய்க்கு, நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை முதல் சிகிச்சையாகத் தனியாகக் கொடுக்க, பழுப்பான செல்களை எண்ணிப் போடும் சிபிஎஸ் எண் குறைந்தது 1 வேண்டும். பழுப்பான கட்டிச் செல்லோடு, நோய் எதிர்ப்புச் செல்களான நிணச்செல், மேக்ரோஃபேஜ் ஆகியவற்றில் பழுப்பானதையும் சேர்த்து எண்ண வேண்டும். மேக்ரோஃபேஜ் சில நேரம் கட்டிச் செல் மாதிரியே உட்கார்ந்திருக்கும், கண் வலித்துவிடும்.

இப்போதெல்லாம் பி53 வந்தால் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறேன். துணுக்கு சின்னதாகி ஓரமே இல்லையென்றால், நடுவே சிதறிக் கிடக்கும் நிணச்செல்களில் ஒன்றிரண்டாவது பழுப்பாகியிருக்கிறதா என்று தேடுவேன். அதுவும் இல்லையா, சரி, இன்னொரு சீவல் எடுத்துச் சாயத்தை மறுபடி போடு.