மைனஸ் பதினைந்து

பிப்ரவரி 14, 2025, வெள்ளி

நிலவு இன்னும் பெரிதாகவே இருக்கிறது. வடமுடி விண்மீன் கூட்டம் நள்ளிரவு வாக்கில் எழுகிறது, தென்னைகளைத் தாண்ட மூன்று மணி ஆகிவிடுகிறது. முப்பது நொடி வீதம் இருபது படம். அதில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்கிற விண்மீன் டி கொரோனா, ஒளியளவு 9.97 (எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்). நேற்று 9.99. ஒன்றும் ஆகவில்லை.

கேமராவின் சென்சார் −15இல் அசையாமல் நிற்கிறது. மாடியில் 19 டிகிரி, குளிரூட்டி 71 சதவீதம். இந்தக் குளிர் இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் நல்லது.

பிப்ரவரி 17

அண்ணன் பேசினார். வீட்டைக் காலி செய்ய ஏப்ரல் 30 முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 22, சனி

தூக்கம் வரவில்லை, லெஸ்லி பெல்டியர் ஞாபகம். ஒஹாயோவில் பண்ணை வீட்டில் இருந்துகொண்டு இதே டி கொரோனாவை இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பார்த்து வந்தவர். 1946 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்தார். சளி பிடிக்கிற மாதிரி இருந்தது, திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது. பத்தாம் ஒளியளவில் கிடந்தது வெறும் கண்ணுக்குத் தெரியும்படி எழும்பியது. அதற்கு முன் 1866 மே மாதம். எண்பது வருடத்துக்கு ஒரு ராத்திரி, அந்த ராத்திரி அவர் படுக்கையில் இருந்தார். இதை எத்தனை முறை நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

என் கேமராவுக்குள் சென்சாரைக் குளிர வைக்கிற தகடும் பெல்டியர்தான். அது வேறு பெல்டியர், 1834இல் பிரான்சில் அந்த விளைவைக் கண்டவர். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும். சுடுகிற பக்கத்துக்கு ஒரு விசிறி. மாடியில் நான் கேட்கிற ஒரே சத்தம் அந்த விசிறிதான். அது ஓடும் வரை நான் விழித்திருப்பதாக ஒரு தெம்பு.

பிப்ரவரி 25

மேகம். அளவீட்டுப் புள்ளி இல்லை.

மார்ச் 3, திங்கள்

இதைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன். இரவு இரண்டரைக்கும் மாடியில் 25 டிகிரி. குளிரூட்டி நூறு சதவீதம் ஓடியும் சென்சார் −13க்கும் −14க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. நூறைத் தொட்டுவிட்டால் கட்டுப்பாடு நம் கையில் இல்லை, ராத்திரி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் குளிரும். எண்பதுக்குள் ஓடினால்தான் பத்தில் ஒரு டிகிரிகூடப் பிசகாமல் பிடிக்கும்.

சிலிக்கான் சூடாக இருந்தாலே எலக்ட்ரான்கள் தானாக உதிர்கின்றன. ஒளி பட்டு வந்ததா, சூட்டில் வந்ததா என்று சென்சாருக்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே எண்ணிக் கொடுக்கும். ஆறேழு டிகிரி இறக்கினால் சூட்டில் உதிர்வது பாதியாகும். மறுபடி ஆறேழு இறக்கினால் அதிலும் பாதி. கோடை ராத்திரியின் 29இலிருந்து −15 வரை இறக்கினால் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மிச்சத்தை, மூடி போட்டு எடுக்கிற டார்க் படத்தை வைத்துக் கழிக்கிறோம். அந்த டார்க் அதே வெப்பநிலையில், அதே முப்பது நொடிக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். ஜனவரியில் எடுத்த அறுபதும் −15க்கானவை.

பத்தாம் ஒளியளவு விண்மீனுக்கு, முப்பது நொடிக்கு, ஒரு டிகிரி பெரிய விஷயமில்லை என்பது தெரியும். ஆனால் நான் காப்பாற்ற நினைப்பது அழகான படத்தை இல்லை, ஒரு வரிசையை. ஒரே சென்சார், ஒரே வடிகட்டி, ஒரே வெப்பநிலை, ஒரே ஒப்பீட்டு விண்மீன். இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் இரண்டு மடங்கு எண் வரும், அதுதான் சிசிடி என்கிற இந்த வகை சென்சாரின் குணம். வெடிப்பதற்கு முந்தின வாரம் அது 0.05 மங்கினாலும் என் வரிசையில் தெரிய வேண்டும். அங்கே போய், நான் நடுவில் மாற்றிய ஏதோ ஒன்று நின்றுகொண்டு நானும் இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது.

−5க்கு மாற வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 10

1977இல் இதே தேதி. இங்கிருந்து மலையேறினால் வருகிற காவலூர் வானாய்வகத்தில், 1 மீட்டர் தொலைநோக்கியில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைப்புக்கு முன்பே ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது, அன்று பல இடங்களில் எடுத்த இதுபோன்ற பதிவுகளால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அப்போது சிசிடி அங்கே இல்லை, ஒளிமின் கருவிதான். முக்கியமான நிமிடத்துக்கு முன்பே பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

டி கொரோனா 10.01.

மார்ச் 14, முழுநிலவு

வானத்தில் வேலையில்லை. கேமராவுக்கு மூடி போட்டு, கறுப்புத் துணி சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்து −5க்கு டார்க் எடுக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"மூடியைப் போட்டுட்டு எதைப் படம் எடுக்கறே?"

"ஒண்ணுமே இல்லாதப்போ இது என்ன காட்டுதுன்னு பாக்கறேம்மா."

"அதையும் பாக்கணுமா?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டாதான் மத்ததை நம்பலாம்."

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஷட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். சங்கத்திடம் என்றேன்.

மார்ச் 19

தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல். எழுந்தேன். 9.98.

மார்ச் 27, வியாழன்

டி கொரோனா வெடிக்கலாம் என்று பாரிஸ் வானியலாளர் ழான் ஷ்னைடர் கணக்கிட்டுச் சொன்ன தேதிகளில் முதலாவது இன்று. டி கொரோனா உண்மையில் இரண்டு விண்மீன், அவை ஒன்றையொன்று சுற்ற ஏறக்குறைய 227 நாள், வெடிப்புகளின் இடைவெளி அதன் மடங்காக வருகிறது என்பது அவர் வாதம். பலர் இதை ஏற்கவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் பதினொன்றரைக்கே மாடிக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்த படத்தில் அது 9.4. கை நடுங்கியது. ஃபோனை எடுத்து அண்ணனைக் கூப்பிடப் போனேன், ஏன் அவரை என்று தெரியவில்லை. அடுத்த படம் வர முப்பது நொடி, அது இறங்க இன்னும் பத்து நொடி. 9.99. அதற்கடுத்ததும் 9.99. பழையதைப் பெரிதாக்கிப் பார்த்தால் விண்மீனின் ஓரத்தில் கூர்மையாக இரண்டே பிக்ஸல். காஸ்மிக் கதிர். இந்த அளவு சென்சாரில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டாவது விழும், குளிர வைத்தாலும் நிற்காது. அந்த ஒன்று சரியாக அங்கே போய் விழுந்திருக்கிறது.

நாற்பது நொடி நம்பினேன்.

மார்ச் 28

தொடர்கிறது. 10.00.

ஏப்ரல் 5, சனி

படத்தின் நடுவில் பனி. உண்மையான உறைபனி, சென்சாருக்கு மேல், இலை நரம்பு மாதிரி கிளை பிரிந்து. முதலில் தூசி என்று நினைத்து, சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கிற ஃப்ளாட் படம் எடுத்து வகுத்தேன், போகவில்லை. தூசி என்றால் அதே இடத்தில் இருக்கும். இது அரை மணிக்கு ஒரு வடிவம்.

சென்சார் இருக்கிற மூடிய அறைக்குள் ஈரம் நுழைந்துவிட்டது. உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு சிறு குப்பியில் சிலிக்கா ஜெல் இருக்கிறது. திறந்து பார்த்தால் நீலம் எல்லாம் இளஞ்சிவப்பு. மூன்று நாள் முன்பு மழை பெய்து விட்ட ராத்திரியில் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

என் பயம் சிலிக்கா பற்றியது இல்லை. அந்த அறையை அடைக்கிற ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் என்ன செய்வது? இந்த கோடாக் 8300 சென்சார் இப்போது எங்குமே தயாராவதில்லை. சோனி 2015லேயே சிசிடியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இப்போது வருகிறவை பெரும்பாலும் சீமாஸ் என்கிற வேறு வகை சென்சார்கள். நல்ல கருவிகள்தான், வாசிப்பு இரைச்சல் குறைவு, வேகம் அதிகம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறு சென்சார். என் வரிசை இதனுடையது.

ஏப்ரல் 6

சிலிக்கா மணிகளைப் பழைய மின் அடுப்பில் சூடேற்றினேன், சமையலுக்கு எடுக்காத அடுப்பு. அந்த நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது, சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது. மூன்று மணி நேரத்தில் நீலம் திரும்பியது. ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவினேன்.

இரவு புள்ளி எடுக்கவில்லை. ஈரம் இழுக்கட்டும் என்று விட்டேன். வெடித்தால் இன்றுதான் வெடிக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு எழுந்து வெறும் கண்ணால் பார்த்தேன். வடமுடியின் பிரகாசமான விண்மீன் கெம்மா மட்டும் தனியாக.

ஏப்ரல் 11, பங்குனி உத்திரம்

அம்மா கோயிலிலிருந்து வந்து எனக்கும் கேமராப் பெட்டிக்கும் திருநீறு வைத்தார். −5, குளிரூட்டி 78. பனி இல்லை.

ஏப்ரல் 16

அம்பத்தூர் வீட்டைப் பார்த்து வந்தோம். மூன்றாவது மாடி. பால்கனி மேற்கே. எதிரே ஒரு கடையின் வெள்ளை விளக்கு, ராத்திரி முழுக்க எரியுமாம். வடமுடி மேற்குக்கு வரும்போது விடியப் போகும். ஜூலையில் முன்னிரவிலேயே உச்சி தாண்டிவிடும், ஆனால் ஜூலையில் வானம் எங்கே இருக்கும்.

ஏப்ரல் 23

வாங்குகிறவர் மாடியைப் பார்க்க வந்தார். தொலைநோக்கி நிற்கிற சிமெண்டுத் தூணைத் தட்டிப் பார்த்து, இது எதற்கு என்றார். ஆடாமல் இருக்க என்றேன். இடித்துவிட்டு அங்கே தண்ணீர்த் தொட்டி வைப்பார்களாம்.

அதை அப்பா கட்டினார். ஓரத்தில் அவர் கரண்டி இழுத்த கோடு இருக்கிறது.

9.99.

ஏப்ரல் 29, செவ்வாய்

லாரி காலை ஆறரைக்கு. எல்லாம் பெட்டியில், இது மட்டும் வெளியே. அம்மா கீழே வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார், இன்னும் தூங்கவில்லை, இருமுகிறார். அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

கடைசிப் புள்ளியை உச்சியில் வைத்து எடுக்க வேண்டும், ஒன்றேமுக்கால் வாக்கில். அப்புறம் குளிரூட்டியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கால் மணி நேரம் எடுத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் தூணிலிருந்து கழற்றுவேன்.

−5. குளிரூட்டி 83. ஆலங்காயம் பக்கம் மின்னல், சத்தம் இன்னும் வரவில்லை. மணி 12.55, முதல் படம் இறங்கிக்கொண்டிருக்கிறது