நோயாளி வார்டு மாறியது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை

நான் அரசு மருத்துவமனையில் வார்டு நர்ஸ். காகித கேஸ் ஷீட்டிலிருந்து எங்கள் மருத்துவமனை முழுவதும் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பட்டதை எழுதுகிறேன்.

பயிற்சி ஒரே நாள்தான். அதுவும் மென்பொருள் வருவதற்கு நான்கு மாதம் முன்பே முடிந்துவிட்டது. அங்கே காட்டிய திரை ஒன்று, வார்டுக்கு வந்த திரை வேறு. சரி, பழகிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

மூன்றாம் நாள் இரவு, மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். முன்பெல்லாம் கேஸ் ஷீட்டும் நோயாளியோடு கட்டிலிலேயே போய்விடும். புதிய முறையில் இடமாற்றத்தை அட்மிஷன் கவுண்டர்தான் பதிய வேண்டும். இரவில் அங்கே ஆள் கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் கணக்கில் அவர் இன்னும் எங்கள் வார்டில்தான் இருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது என்ற லேப் ரிப்போர்ட் எங்கள் திரைக்கு வந்தது; அவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குப் போகவில்லை. வேறு ஒருவரின் ரிப்போர்ட்டைத் தேடும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. ஓடிப்போய்ப் போன் செய்தேன். உடனே சிகிச்சை தொடங்கினார்கள். அன்று நான் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு பல நாள் தூங்கவிடவில்லை.

புகார் எழுதினேன். ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் செய்திருக்கிறோம் என்று மென்பொருள் செய்தவர்களிடமிருந்து பதில் வந்தது. அது உண்மைதான். அந்த ஒப்பந்தத்தை எழுதியபோது இரவு ஷிப்ட் பார்க்கிற யாரையும் கேட்கவில்லை. இனி ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி ஒப்புதல், தனிக் கட்டணம்.

அப்புறம்தான் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் 2020இல் புதிய கம்ப்யூட்டர் முறை வந்தது. டாக்டர்கள் பதிந்த 11,000க்கும் மேற்பட்ட உத்தரவுகள் உரிய இடத்துக்குப் போகாமல், யாரும் கவனிக்காத ஒரு வரிசையில் தேங்கிக் கிடந்ததை முன்னாள் படைவீரர் துறையின் கண்காணிப்பு அலுவலகம் 2022இல் வெளியிட்டது. இங்கிலாந்தில் மருத்துவப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற 2002இல் தொடங்கிய தேசியத் திட்டமும் பல நூறு கோடி பவுண்டு செலவுக்குப் பின் 2011இல் கலைக்கப்பட்டது. அங்கும் ஒப்பந்தங்கள் அவசரமாகக் கையெழுத்தாகின; அந்த முறையை அன்றாடம் பயன்படுத்தப்போகும் டாக்டர்களின், நர்ஸ்களின் குரல் அதில் போதுமான அளவு சேரவில்லை. படிக்கப் படிக்க எங்கள் வார்டுதான் கண்முன் நின்றது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு நோட்டுப் போட்டோம். எந்த நேரம், என்ன வேலை, எங்கே தடங்கியது, நோயாளிக்கு என்ன ஆனது என்று ஆறு வாரம் எல்லா ஷிப்டிலும் எழுதினோம். “கஷ்டமாக இருக்கிறது” என்று சொன்னபோது அசையாத அதிகாரிகள், கூட்டத்தில் அந்த நோட்டை மேட்ரன் வாசித்தபோது கேட்டார்கள். மென்பொருள் எழுதியவர்களில் ஒருவரை ஓர் இரவு வார்டுக்கு அனுப்பச் சம்மதித்தார்கள்.

வந்த தம்பி விடியும்வரை மருந்து வண்டியோடு என்கூடவே நடந்தார். ஒரு சுற்று மருந்து கொடுத்து முடிப்பதற்குள் எத்தனை முறை லாகின் செய்கிறேன் என்று அவரே எண்ணினார். “அக்கா, இதெல்லாம் யாருமே எங்ககிட்ட சொல்லலை” என்றார்.

இடமாற்றத்தை வார்டு நர்ஸே பதியலாம் என்ற திருத்தம் வர ஐந்து மாதம் ஆனது. லாகின் தொல்லை இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்துக்காக இரண்டாவது நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.