இஸ்தானாவுக்குள் ஒரு தீபாவளி

சிங்கப்பூரில் டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் வந்தால் இஸ்தானாவின் வெள்ளை வாயிற்கதவு. அதிபர் மாளிகை. நம்மை யார் உள்ளே விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "தீபாவளிக்குத் திறந்து விடுவாங்கம்மா, பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனால் பின்னால் நகரம் இருப்பதே மறந்துவிடுகிறது. புல்வெளி, குளங்கள், மூத்த மரங்கள். பிள்ளைகள் அன்னக் குளத்தை விட்டு நகரவில்லை. எனக்கு வாசனைப்பயிர்த் தோட்டம்தான். இந்த நிலமே ஒரு காலத்தில் பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டம். 1850களில் நோய் தாக்கி சிங்கப்பூரின் ஜாதிக்காய் விவசாயமே அழிந்தது. பிறகு ஆங்கிலேய அரசு நிலத்தை வாங்கி 1867இல் ஆளுநர் மாளிகையாக இதைக் கட்டத் தொடங்கியது, 1869இல் முடித்தது. ஊரில் அஞ்சறைப் பெட்டிக்குள் பார்த்த காய்க்கு இப்படியொரு கதை! வெளிர்மஞ்சள் பழம் வெடித்தால் உள்ளே கருங்கொட்டை. அதைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று வலைபோல ஜாதிபத்திரி.

மாளிகைக்குள் செல்லத் தனிக் கட்டணம். வெளிநாட்டுத் தலைவர்கள் தந்த பரிசுப் பொருள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். எல்லாமே அழகுதான். ஆனால் என் கண் போனது கட்டடத்தின் மேல்தான். அகன்ற தாழ்வாரங்கள், காற்று வர வாட்டமான மரச்சட்டச் சன்னல்கள், வரிசைத் தூண்கள். திட்டமிட்டவர் மேக்நேர் என்ற பொறியாளர். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து 1825 முதல் கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். சாலை போட்டதும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கட்டியதும் அவர்களே. 1873இல் கைதிக் குடியிருப்பை மூடியபோது பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ! மேக்நேரின் பெயர் எங்கும் இருக்கிறது, அவர்கள் பெயர்களும் அந்தச் சுவர்களில் இருந்திருக்க வேண்டும்.

இதே மாளிகையில் 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தவர் எஸ்.ஆர். நாதன்; 2023 முதல் தர்மன் சண்முகரத்னம். இருவரும் தமிழர்கள் என்று சொன்னதும் என் மூத்தவனுக்கு அப்படியொரு பூரிப்பு.

சீனப் புத்தாண்டுக்கும் திறப்பார்கள். அப்போது அம்மா இங்கே இருப்பார். மாளிகைச் சுற்றுலாவுக்கு அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன்.