18 கேள்விக்குறிகள்

“இதில சக பணியாளர்னா யாரைச் சொல்றீங்க? இங்க மேனேஜர் நான் ஒருத்திதான்.”

வேலைத் திருப்தியை அளக்க நான் கொடுத்த படிவத்தைப் பார்த்து, அந்தப் பராமரிப்பு இல்லத்தின் மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “நர்சுகளை நினைச்சுக்கோங்க மேடம்” என்றேன்.

“அவங்க எனக்குக் கீழ வேலை பார்க்கிறவங்க. அவங்க சோம்பேறியா இல்லையான்னு நான் டிக் பண்ணினா, அது அவங்களுக்குப் போடுற மார்க். என் திருப்தி எப்படி ஆகும்?”

பதில் சொல்வதற்குள் போன். இரவு ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. மூன்று பேரைக் கூப்பிட்டுக் கெஞ்சிவிட்டு அவர் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடுத்த இல்லத்துக்கு நேரமாகியிருந்தது. “சரி, தோணாததுக்குக் கேள்விக்குறி போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படிவத்தின் பெயர் ஜாப் டிஸ்கிரிப்டிவ் இன்டெக்ஸ், 1969-ல் வந்த வடிவம். மொத்தம் 72 வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, கேள்விக்குறி என்று மூன்றில் ஒரு பதில். திருப்தியைக் காட்டும் பதிலுக்கு 3, அதிருப்திக்கு 0. கேள்விக்குறிக்கு நடுவாக ஒன்றரை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1தான். கேள்விக்குறி போடுகிறவர்கள் அதிருப்திக்காரர்கள் பக்கமே சாய்கிறார்கள் என்று அதை உருவாக்கியவர்கள் கண்டிருந்தார்கள். சக பணியாளர் பகுதியில் 18 வரிகள். பதினெட்டிலும் மேடம் கேள்விக்குறி. 54-க்கு 18. நடுப்புள்ளி 27. ஆக, அதிருப்தி.

விதிப்படிதான் கூட்டினேன். காலியாக விட்டிருந்தால் அந்தப் பகுதியையே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கினால்தான் என்ன? அன்று அது தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. ஒரு படிவம் குறையுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மற்ற இல்லங்களிலும் அந்தப் பகுதியில் கேள்விக்குறிகள் நிறைய. சராசரி சரிந்தது. நிர்வாகம் அறிக்கையைப் படித்துவிட்டு, மேனேஜர்களுக்குக் குழுவாகப் பழகப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தது. அன்று இல்லங்களை யார் பார்த்துக்கொண்டார்களோ.

ஆனால் அந்த 18 தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஆள் வராத ராத்திரியில் “இப்படி ஆயிடுச்சு பாரு” என்று புலம்ப, அதே பொறுப்பில் பக்கத்தில் ஒருவர் இல்லை. தப்பான கேள்வி சரியான எண்ணில் போய் நின்றிருக்கலாம். இப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது; அதனாலேயே இதை முழுதாக நம்ப முடியவில்லை.

அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘சோம்பேறிகள்’ என்ற வரியில் முதலில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அப்புறம் அதை அழுத்தி அடித்துவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி. அந்த ‘இல்லை’க்கு 3 மதிப்பெண்.