ஓட்டு இல்லாதவர்கள் ஊர் தேடியபோது

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் வாடகை ஏறிக்கொண்டே போனது. அதே சமயத்தில் அலுவலகத்தில், டெக்சாஸின் டல்லஸ் பக்கமோ வட கரோலினாவின் ராலே பக்கமோ விருப்பம்போல் மாறிக்கொள்ளலாம் என்றார்கள். நியூ ஜெர்சியை விட்டுக் கிளம்புவது என்று முடிவானதும் நண்பர்கள் எல்லாரும் சொன்னது டெக்சாஸ்தான். மாநில வருமான வரி கிடையாது, வீடு பெரிதாகக் கிடைக்கும், டல்லஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் நம் ஆட்கள் நிறைய, கோயிலும் பக்கத்திலேயே. எல்லாம் உண்மைதான். ஆனால் நானும் மனைவியும் அந்தந்த ஊரின் அரசியலையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பது என்றிருந்தோம்.

“உனக்குத்தான் ஓட்டே இல்லையே, அரசியல் எதுக்குப்பா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நான் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவன். கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஓட்டு இல்லாததால்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஓட்டு உள்ளவருக்கு ஒரு சட்டம் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிப் போடலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. அக்கம்பக்கத்தார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்கள் எழுதும் சட்டத்துக்குள்தான் பிள்ளையை வளர்க்க வேண்டும்.

முதலில் மாநில வரைபடத்தைத்தான் பார்த்தோம். சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. இரண்டு மாநிலங்களும் 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் டிரம்ப்பை ஆதரித்தவை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவுக்கு இறங்கினால்தான் வேறுபாடு தெரிகிறது. ஃப்ரிஸ்கோவின் பெரும்பகுதி இருக்கும் காலின் கவுன்டியில் 2016-இல் டிரம்ப்புக்கு ஏறத்தாழ 17 சதவீதப் புள்ளிகள் முன்னிலை. 2020-இல் அது ஐந்துக்கும் கீழே போனது, 2024-இல் மறுபடி பத்தைத் தாண்டியது. “புதிதாக வருபவர்களால் இந்த ஊர் மாறிக்கொண்டிருக்கிறது” என்று சொல்பவர்களுக்கு அந்த மூன்றாவது எண்ணைக் காட்ட வேண்டும். ராலேயும் கேரியும் இருக்கும் வேக் கவுன்டியோ 60 சதவீதத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே போடுகிறது.

ஆனால் ஊர் நீலமாக இருந்து மாநிலம் சிவப்பாக இருந்தால், எதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருக்கலைப்பு, துப்பாக்கி, வருமான வரி எல்லாம் மாநிலத் தலைநகரின் கையில். பள்ளியும் நூலகமும் பெரும்பாலும் உள்ளூரின் கையில். ஊர் போடும் விதியை மாநிலம் ரத்து செய்யவும் முடியும். 2016-இல் சார்லட் நகரம் திருநர்களுக்குப் பாதுகாப்பாக ஒரு விதி போட்டதும் வட கரோலினா சட்டமன்றம் அதை ஒரே நாளில் சட்டம் போட்டு முடக்கியது.

டெக்சாஸ் வேண்டாம் என்று முடிவு செய்தது மனைவிதான். எங்களுக்கு ஒருமுறை கரு கலைந்திருக்கிறது, இரண்டாவது குழந்தைக்கு ஆசையும் இருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் டெக்சாஸில் கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. மீறும் மருத்துவருக்கு ஆயுள் சிறைவரை தண்டனை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம். இறந்த கருவை அகற்றுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. கரு நிற்காது என்று தெரிந்த பிறகும் இதயத் துடிப்பு மட்டும் இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் மருத்துவர் தயங்குவார். “அந்த ராத்திரி டாக்டர் என்னைப் பார்க்கணும், வக்கீலைத் தேடக் கூடாது” என்றாள். அதற்கு மேல் நான் வரிக் கணக்கு பேசவில்லை. (2025-இல் இதைத் தெளிவுபடுத்த அங்கே ஒரு சட்டம் வந்தது. நாங்கள் முடிவெடுத்தது அதற்கு முன்பே.)

வட கரோலினாவும் முழு நிம்மதி தரும் இடமில்லை. 2023-இல் அங்கே கருக்கலைப்புக்கு 12 வாரக் கெடு வந்தது, சில விதிவிலக்குகளுடன். அது வந்த விதத்தை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஜெயித்த ட்ரிஷியா கோத்தம் ஏப்ரலில் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். ஆளுநரின் மறுப்பை மீறத் தேவையான பெரும்பான்மை அந்த ஒரு ஆளால் கிடைத்தது. மே மாதமே சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது, அமெரிக்காவில் இதைத் தடுக்க ஒன்றும் இல்லை. அதே மாநிலம் 2024-இல் டிரம்ப்பையும் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜாஷ் ஸ்டைனையும் ஒரே நாளில் தேர்ந்தெடுத்தது. கீழவையில் குடியரசுக் கட்சியின் அந்தப் பெரும்பான்மையும் ஒரே ஒரு இடம் குறைந்து போனது. இப்படி இழுபறியாக இருக்கும் மாநிலத்தில் எந்தச் சட்டமும் நிரந்தரமில்லை என்பதையும் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டோம்.

அப்புறம் கவுன்டி. வேக்கின் எல்லையைத் தாண்டி ஜான்ஸ்டன் கவுன்டிக்குள் போனால் வீட்டு விலை குறைகிறது. ஏஜென்ட் அங்கேதான் தள்ளினார். ஆனால் 2021-இல் அங்கே கவுன்டி ஆணையர்கள் பள்ளிகளுக்கான 79 லட்சம் டாலரை நிறுத்திவைத்து, இனமும் வரலாறும் வகுப்பில் எப்படிப் பேசப்படலாம் என்று கட்டுப்படுத்தும் கொள்கையைப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிக் குழுவை ஏற்க வைத்தார்கள். அந்தக் கவுன்டியின் ஸ்மித்ஃபீல்ட் அருகே நெடுஞ்சாலையில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் விளம்பரப் பலகை 1977 வரை நின்றிருந்தது. இதைச் சொல்லி அங்கே வாழ்பவர்களை எடை போடக் கூடாது, வீடு பார்க்கப் போனபோது எங்களை அன்பாகவே நடத்தினார்கள். என் பிள்ளையின் வரலாற்று வகுப்பை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது மட்டும்தான் என் கேள்வி.

2024 அக்டோபரில் நேரில் போய்ப் பார்த்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், அதுவும் தேர்தலுக்கு முந்தைய மாதத்தில். வீட்டு முற்றங்களில் நட்டிருக்கும் பலகைகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வேக் கவுன்டியின் ஏபெக்ஸில் ஒரு தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு கட்சிப் பலகையும் இருந்தன, அந்த வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெரு எங்களுக்குப் பிடித்துவிட்டது. எல்லாரும் ஒரே கட்சியாக இருக்கும் ஊர் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பள்ளிக் குழுக் கூட்டங்களின் வீடியோவை வீட்டிலிருந்தே பார்த்தேன். வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை மாநிலத் தேர்தல் வாரியம் வெளியிடுகிறது, அதில் நாங்கள் பார்த்த தெருக்களையும் தேடினேன்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. வேறு பெருநகரப் பகுதிக்கு வேலையிடம் மாறினால் ஹெச்-1பி மனுவில் திருத்தம் தாக்கல் செய்ய வேண்டும், மாறுவதற்கு முன்பே. கம்பெனி வக்கீலிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இப்போது வேக்கில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நியூ ஜெர்சிபோல ஊருக்கு ஒரு பள்ளி நிர்வாகம் இங்கே இல்லை, கவுன்டி முழுவதற்கும் ஒன்றுதான். வளரும் பகுதிகளில் வீட்டுக்கான பள்ளியை மாற்றிவிடவும் செய்கிறார்கள், அதனால் வீடு வாங்க அவசரப்படவில்லை. பள்ளிக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள், குடியுரிமை கேட்பதில்லை. பள்ளி பஸ் தாமதமாக வருவதைப் பற்றிப் பேச மனைவி பெயர் கொடுத்திருக்கிறாள்.