கீழே தமிழ், மேலே பிரெஞ்சு: புதுச்சேரியில் தாத்தா வீட்டை விற்ற கதை

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்தது எங்கள் தாத்தா வீடு. கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம். மாடி ஏறினால் வளைவு வைத்த சன்னல்களும் சுண்ணாம்புத் தூண்களுமாகப் பிரெஞ்சுக் கட்டு. 2014 நவம்பர் மழையில் கடற்கரையோரம் பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றமான மேரி (Mairie) கட்டடம் இடிந்து விழுந்த நாளிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட எங்கள் மெட்ராஸ் டெரஸ் கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பழுதுபார்க்கக் கையில் பணமில்லை. விற்க முடிவு செய்தோம்.

தாய்ப்பத்திரம் முழுக்கப் பிரெஞ்சில், நோட்டரி கைப்பட எழுதியது. அதை மொழிபெயர்த்து வாங்கியதும் வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "உங்க குடும்பம் ரெனோன்சானா?"

1881 ஆணைப்படி, இந்து வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்களுக்கு அந்தப் பெயர். அவர்கள் வழிவந்தவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. இதைப் பார்க்காமல் பங்கு பிரித்தால் கிரயமே பின்னால் வழக்கில் நிற்கும். பழைய பதிவுகளைத் தேடியதில், கொள்ளுத்தாத்தா துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டது தெரிந்தது. ஆக அப்பாவுக்கும் இரண்டு அத்தைகளுக்கும் சமபங்கு. புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் புரோக்கரைத் தேடும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பெரிய அத்தை இருப்பது பிரான்சில். பாரிஸ் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தன் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பினார். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு வாங்குபவர் பிடிக்கும் வரியும் அதிகம்; குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையில் முன்கூட்டியே வாங்கிவிட்டோம்.

காகிதம் எல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான பாடு. வந்தவர்கள் எல்லோரும் டேப் பிடித்து மனையைத்தான் அளந்தார்கள். "கட்டடத்துக்கு விலை இல்ல சார்" என்றார் ஒரு புரோக்கர். அத்தையோ போனில், "இடிக்கிறவன் கோடி குடுத்தாலும் வேணாம்டா தம்பி" என்று அழுதார். ஒரு வருடம் ஓடியது.

கடைசியில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களில் ஒருவர் முற்றத்துச் சுவரை நகத்தால் சுரண்டினார். முன்பு நாங்கள் சிமென்ட் பூசிய இடம் அது. "ஈரத்தை வெளிய விடாம பிடிச்சு வச்சிருக்கறது இதுதான். எடுத்துட்டு சுண்ணாம்பு பூசணும்," என்றார். அப்பா என்னைப் பார்த்தார். மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைந்த விலைதான். அங்கேயே அட்வான்ஸ் வாங்கினோம்.

பதிவு முடிந்த மறுவாரமே கொத்தனார் அந்த சிமென்ட்டைக் கொத்தத் தொடங்கிவிட்டார். படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன்.