பதினைந்து வருடம் ஒரே டொக்டர்

நோர்வேக்குப் புதிதாக வருகிற நம்மவர்களிடம், முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு முறைப்பாடு கட்டாயம் கேட்கலாம். "இங்கத்தை டொக்டர்மாருக்கு ஒண்டும் தெரியாது, என்ன வருத்தம் எண்டாலும் பரசெட் போட்டுப் படுக்கச் சொல்லுகினம்." பரசெட் என்பது இங்கத்தைப் பரசிட்டமோல் குளிசை. ஒஸ்லோவில் சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நடுவில் இந்தப் பேச்சு வராத வாரமே இல்லை. போன மாதம் திருமணமாகி வந்த ஒரு தங்கச்சியும் இதையே அழாத குறையாகச் சொன்னார். அவருக்கு அங்கே நின்றபடி விளக்கிச் சொல்ல நேரம் போதவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். யாழ்ப்பாணத்தில் நெஞ்சு எரிந்தால் இதய நிபுணர், முழங்கால் நொந்தால் எலும்பு நிபுணர் என்று நாங்களே முடிவெடுத்து, சனல் பண்ணி நம்பர் எடுத்து, பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் வரும்வரை காத்திருந்து, ஐந்து நிமிடத்தில் ஒரு பை நிறைய மருந்தோடு வெளியே வருவோம். காசு கொடுத்துப் பெரிய டொக்டரைப் பார்த்தோம், அன்ரிபயோட்டிக் தந்தார், சரி, வேலை முடிந்தது. அடுத்த முறை வேறொரு நிபுணர். அவர் தந்ததும் இவர் தந்ததும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்க யாரும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொப்பி இருக்கும், ஆனால் இடமாற்றத்தில் டொக்டர்மார் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதே நாட்டில்தான் ஊர் மிட்வைப் வீட்டு வாசலுக்கு வந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பார், குழந்தையின் நிறையை எழுதி வைப்பார், யார் வீட்டில் யாருக்கு என்ன என்று எல்லாம் அவருக்குத் தெரியும், காசும் இல்லை. என்னைக் கேட்டால் இலங்கை மருத்துவத்தின் உண்மையான பெருமை அந்த மிட்வைப்தான். இங்கே வந்தபின் எனக்கு அதற்கு மிக நெருக்கமாகத் தெரிந்தது ஃபஸ்ட்லேகெ என்கிற குடும்ப டொக்டர் முறை.

2001 ஜூன் முதல் நோர்வேயில் இந்த முறை இருக்கிறது. ஆள்பதிவு முடிந்து பிறப்பு இலக்கம் கிடைத்தவுடன் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டொக்டரின் பட்டியலில் இடம் பெறும் உரிமை உண்டு. அவர்தான் ஃபஸ்ட்லேகெ. பிடிக்கவில்லை என்றால் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றலாம், ஹெல்செநோர்கெ என்கிற அரசாங்கச் சுகாதார இணையத்தளத்தில் யாரிடம் இடம் இருக்கிறது என்று பார்த்து நாங்களே மாறிக்கொள்ளலாம். பெரியவர்கள் போகும்போதெல்லாம் ஒரு பங்கு கட்ட வேண்டும், ஆனால் அதற்கு வருட உச்சவரம்பு இருக்கிறது, 2025இல் அது 3278 குரோனர், அதைத் தாண்டினால், மிச்ச வருடத்துக்குப் பங்கு கட்டத் தேவையில்லை என்கிற ஃப்ரீகொர்ட் தானாகவே வந்துவிடும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்கும் இல்லை. நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் இவர்தான் கடிதம் எழுத வேண்டும், நேரே போக முடியாது. நம்மவர்களுக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். நிபுணரிடம் போகிற வழியை மறிக்க ஒருவரை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த ஒரே ஆள் பல வருடம் நம்மைப் பார்ப்பதால் என்ன நடக்கிறது என்பதை இந்த நாட்டிலேயே பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். பேர்கன் நகரத்து ஆய்வாளர்கள் சுமார் 45 இலட்சம் பேரின் பதிவுகளை எடுத்து, ஒருவர் ஒரே ஃபஸ்ட்லேகெயிடம் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று பார்த்தார்கள். 2022இல் பிரித்தானியக் குடும்ப மருத்துவ இதழில் அது அச்சில் வந்தது. ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 15 வருடத்துக்கு மேல் ஒரே டொக்டரிடம் இருந்தவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் அவசர டொக்டரிடம் ஓடுவது சுமார் 30 விழுக்காடும், திடீரென்று ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவது 28 விழுக்காடும், இறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடும் குறைவாக இருந்தன. ஒரே டொக்டர் என்பதுதான் முழுக் காரணம் என்று இப்படியான ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வயது, இருக்கிற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நிற்கிறது, அதுவும் வருடம் கூடக் கூடக் கூடுகிறது. இதை முதன்முதல் வாசித்தபோது நான் இரண்டு தரம் திரும்பப் பார்த்தேன். ஒரு புது மருந்து இவ்வளவு செய்யும் என்றால் உலகமே அதைப் பற்றித்தான் பேசும்.

ஏன் அப்படி என்று எங்கள் மாமியை வைத்துச் சொல்கிறேன்.

மாமிக்குச் சலரோகம். மகனோடு இருக்க வந்தவர், நோர்வேஜிய மொழி வணக்கம் நன்றியோடு நின்றுவிட்டது. நான் வருவதற்கு முன்பிருந்தே டொக்டரிடம் போகும்போதெல்லாம் பேரன்தான் கூடப் போய் மொழிபெயர்த்தான். அவன் கெட்டிக்காரன், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை. டொக்டர் கேட்டதில் பாதி அவனுக்குத் தமிழில் வராது, மாமி சொல்ல வேண்டியதில் பாதியை அவன் முன்னால் சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான் போன் பண்ணிக் கேட்டபோது, குடும்பத்தில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் வரவேற்பில் பதில் சொன்னார்கள். அப்படிச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. 2022 ஜனவரியிலிருந்து நோர்வேயில் மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சரியான சிகிச்சை கொடுக்கத் தேவைப்பட்டால் தொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஏற்பாடு செய்வது அவர்களின் கடமை, பிள்ளைகளை அந்த வேலைக்கு இருத்துவதைச் சட்டம் தடுக்கிறது. இதை நான் மரியாதையாக, ஆனால் விடாமல் சொன்னேன். கிடைத்தது.

போனில்தான் அந்தத் தொல்க் அம்மா பேசினார். அன்றைக்கு மாமி சொன்னதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயங்கள். வெள்ளிக்கிழமை விரதத்திலும் கந்தசஷ்டியிலும் சாப்பிடாமல் குளிசையை மட்டும் வழமைபோல் போட்டிருக்கிறார், மத்தியானம் கை நடுங்கித் தலை சுற்றும், முருகனை நினைத்துக்கொண்டு படுத்துவிடுவாராம். இருமினால் சலம் போகிறது என்பதையும் அன்றுதான் சொன்னார். ஆம்பிளைப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தாய் அதைச் சொல்லுவார்? டொக்டர் விரதத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை. விரத நாட்களுக்கு எந்தக் குளிசையை எப்படி எடுப்பது என்று மாற்றி எழுதித் தந்தார், மற்றதற்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவரிடம் அனுப்பினார். அடுத்த வருடம் கந்தசஷ்டி வருவதற்கு முன்பே அவராகவே அதைப் பற்றிக் கேட்டார், அவருடைய பதிவில் அது இருந்தது. எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் முதன்முறை பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

தொல்க் வேண்டாம் என்று நம்மவர்கள் மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழர் சின்னச் சமூகம், பேசுகிறவர் நம் ஊர்க்காரராக இருந்து கதை வெளியே போய்விடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். தொல்க் ஆட்களுக்கு இரகசியம் காக்கும் கடமை சட்டப்படி இருக்கிறது. அதற்கு மேலும் மனம் ஒப்பவில்லை என்றால், வேறு நகரத்திலிருந்து போனில் பேசுகிறவர் வேண்டும், என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நம்முடைய உடம்பைப் பற்றி ஒஸ்லோவில் செய்த ஆய்வுகளையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2002இல் நடந்த ஒஸ்லோ குடியேறியோர் சுகாதார ஆய்வில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாமோடு இலங்கையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், வைட்டமின் டி குறைபாடு பரவலாகத் தெரிந்தது, கொழுப்புள்ள மீனும் த்ரான் என்கிற மீனெண்ணெயும் எடுத்தவர்களுக்கு நிலைமை மேலாக இருந்தது. பிறகு நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கிற குரூருடாலன் பகுதியில் 2008இலிருந்து 800க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஸ்டோர்க் என்ற ஆய்வு செய்தார்கள், கர்ப்பகாலச் சலரோகம் தெற்காசியப் பெண்களுக்குக் கூடுதலாக வருவதை அது காட்டியது. ஆகவே கர்ப்பமான தங்கச்சிமார் சீனிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு ஹெல்செஸ்தஷோன் என்கிற குழந்தைநல நிலையத்திலிருந்து தாதி வீட்டுக்கே வருவார், தடுப்பூசியும் அங்கேதான், எல்லாம் இலவசம். எனக்கு முதல் பிள்ளை பிறந்து தாதி வாசலில் வந்து நின்றபோது ஊர் மிட்வைப் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஃபஸ்ட்லேகெமார் வேலைப்பளு தாங்காமல் விலகுவதும், பட்டியல்கள் நிரம்பிக் கிடப்பதும் இந்த நாட்டில் பல வருடப் பிரச்சினை. 1980களில் நம்மவர்கள் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போன வடக்கு ஃபின்மார்க் பக்கத்தில் இன்னும் கஷ்டம், அங்கே இருக்கிற என் சிநேகிதிக்குப் போகும்போதெல்லாம் ஒரு பதில் டொக்டர்தான், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் டொக்டராக இருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971இலேயே எழுதினார், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. மொழி தெரியாத ஒரு தாய்க்கும் மொழி தெரிந்த ஒரு அலுவலகக்காரருக்கும் ஒரே அளவு நிமிடம் ஒதுக்கினால் அது சமமான கவனிப்பு ஆகாது, தொல்க் மூலம் பேசும்போது பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம். அதனால் நேரம் எடுக்கும்போதே இரட்டை நேரம் கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சி, உங்களுக்கு இதுதான் சொல்ல இருக்கிறது. காய்ச்சலுக்குப் பரசெட் சொன்னார் என்பதற்காக டொக்டரை மாற்ற வேண்டாம், வைரஸ் காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது, அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லுவதைக் கேட்கவே இல்லை, முகத்தையே பார்க்கவில்லை என்றால் மாற்றுங்கள், பிறகு ஒருவரிடமே நில்லுங்கள். இரவிலோ வார இறுதியிலோ பொறுக்க முடியாத வருத்தம் என்றால் 116117, உயிராபத்து என்றால் 113. மொழி பிடிபடும்வரை நேரம் எடுக்கும்போது போனில் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "யெய் த்ரெங்ஙெர் தமில்ஸ்க் தொல்க்." எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அர்த்தம். அவர்கள் தயங்கினால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பேசுகிறேன்.